ஷெல் ஸ்காட் கதைகள்: எதில் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது, பழைய பிரதியை எப்படிக் காப்பது

கேள்வி இதுதான்: பழைய புத்தகக் குவியலில் அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரிச்சர்ட் எஸ். பிராதர் எழுதிய 'டூ மெனி க்ரூக்ஸ்' கிடைத்திருக்கிறது. மஞ்சள் முதுகு, உள்ளே 1956 என்று இருக்கிறது, ஒரு தாள் கழன்று கையோடு வந்துவிட்டது. படித்ததும் பிடித்துவிட்டது. அடுத்ததாக 'ரைடு எ ஹை ஹார்ஸ்' இணையத்தில் கண்ணில் பட்டிருக்கிறது. அதை வாங்கலாமா, இவர் யார், இவரைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை, எந்த வரிசையில் படிப்பது?

முதலில் காசு மிச்சமாகிற பதில். 'ரைடு எ ஹை ஹார்ஸ்' வாங்காதீர்கள். உங்கள் கையில் இருப்பதும் அதுவும் ஒரே நாவல். 1953இல் அந்தப் பெயரில் வந்தது, 1956இல் பெயரை மாற்றி மறுபடி போட்டார்கள். பிராதர் விஷயத்தில் புது வாசகர்கள் முதலில் ஏமாறுவது இப்படித்தான். இதே போல இன்னும் சில உண்டு, கீழே சொல்கிறேன்.

பிராதர் 1921இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது வணிகக் கப்பல் படையில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் ரிவர்சைடு பக்கம் உள்ள மார்ச் விமானப்படைத் தளத்தில் குமாஸ்தா வேலை. படையின் உபரிச் சாமான்களுக்குக் கணக்கு வைப்பது. 1949இல் அதை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளர் ஆனார். அடுத்த வருடமே, 1950இல், ஷெல் ஸ்காட் என்ற தனியார் துப்பறிவாளரை வைத்து எழுதிய 'கேஸ் ஆஃப் தி வானிஷிங் பியூட்டி' வெளியானது. அதன்பின் மூன்று டஜனுக்கு மேற்பட்ட ஷெல் ஸ்காட் புத்தகங்கள். மொத்த விற்பனை நான்கு கோடிப் பிரதிகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 2007 பிப்ரவரி 14 அன்று இறந்தார். அதற்கு முந்தைய அக்டோபரில் முடித்து வைத்திருந்த 'தி டெத் காட்ஸ்' 2011இல்தான் அச்சேறியது.

இவ்வளவு விற்றவர் எப்படிக் காணாமல் போனார் என்பதைப் புரிந்துகொள்ள, உங்கள் பிரதியின் மஞ்சள் முதுகிலிருந்தே தொடங்கலாம். அது கோல்ட் மெடல். ஃபாசெட் என்ற பத்திரிகை நிறுவனம் நடத்திய பதிப்பு வரிசை. ஃபாசெட்டுக்கு அப்போது இன்னொரு வேலையும் இருந்தது: சிக்னெட் என்ற வேறொரு பதிப்பு வரிசையின் பாக்கெட் புத்தகங்களை நாடு முழுக்கக் கடைகளுக்கு விநியோகிப்பது. அந்த ஒப்பந்தத்தில், ஃபாசெட் தன் சொந்தப் பெயரில் மறுபதிப்புகள் போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்தக் காலத்துப் பாக்கெட் புத்தகம் என்றாலே கெட்டி அட்டையில் வந்ததன் மலிவு மறுபதிப்புதான். அதனால் ஃபாசெட் நிபந்தனையை மீறாமல் வேறு வழி பார்த்தது. இதுவரை எங்குமே வராத புது நாவல்களை நேரடியாகப் பாக்கெட் அளவில், 25 சென்ட் விலைக்கு, 1950 முதல் வெளியிடத் தொடங்கியது.

எழுத்தாளர்களுக்கு இதில் கிடைத்த லாபம் பெரியது. மறுபதிப்பு என்றால் வரும் உரிமைத் தொகையில் பாதியைக் கெட்டி அட்டைப் பதிப்பாளர் எடுத்துக்கொள்வார். கோல்ட் மெடலில் முழுத் தொகையும் எழுத்தாளருக்கே. அதுவும் விற்ற எண்ணிக்கைக்கு அல்ல, அச்சான எண்ணிக்கைக்கு. பிரதிக்கு ஒரு சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம்: 2 லட்சம் பிரதி அச்சடித்தால் 2,000 டாலர், 3 லட்சம் என்றால் 3,000 டாலர். குமாஸ்தா வேலையை விட்டு வந்த ஒருவர் வருடத்துக்கு இரண்டு மூன்று நாவல் எழுதிக் கௌரவமாகப் பிழைக்க இது போதும்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. மருந்துக் கடையிலும் பேருந்து நிலையத்திலும் கம்பித் தாங்கியில் சுழலும் புத்தகத்தைப் பத்திரிகைகளில் அநேகமாக யாரும் மதிப்புரைக்கு எடுக்கவில்லை, நூலகங்களும் வாங்கவில்லை. ஒரு மாதம் கடையில் இருக்கும், பிறகு அடுத்த மாதச் சரக்கு வரும். விற்காத பிரதியின் மேலட்டையை மட்டும் கிழித்து அனுப்பினால் கடைக்காரருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும், உள்தாள்கள் கூழாக வேண்டியவை. பழைய சந்தையில் மேலட்டையே இல்லாமல் ஒரு கோல்ட் மெடல் கிடைத்தால் அது பெரும்பாலும் அப்படித் தப்பியதுதான். இப்படிப்பட்ட சரக்கை யார் பாதுகாப்பார்கள்? வாங்கிப் படித்த தனி மனிதர்கள் மட்டும்தான்.

மறதிக்கு இரண்டாவது காரணம் பிராதரின் தொழில் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1964இல் கோல்ட் மெடலை விட்டுப் பாக்கெட் புக்ஸ் என்ற பதிப்பகத்துக்குப் போனார். 1975இல் அவர்களோடு மனஸ்தாபம் முற்றி வழக்குத் தொடுத்தார். அதற்குப் பிறகு 11 வருடம் புது நாவல் ஒன்றும் வரவில்லை. எழுத்தை விட்டுவிட்டு அவகாடோ பயிரிட்டார். 1986இல் 'தி ஆம்பர் எஃபெக்ட்' நாவலோடு திரும்பி வந்தார். அமெரிக்கத் தனியார் துப்பறிவாளர் கதை எழுத்தாளர் சங்கம் அதே வருடம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது.

ஆனால் அவர் பேசாமல் இருந்த அந்த 11 வருடத்தில்தான் பழைய பாக்கெட் நாவல்களுக்கு மறுவாழ்வு தொடங்கியது. 1980களில் கலிபோர்னியாவின் பிளாக் லிசர்ட் பதிப்பகம் ஜிம் தாம்ப்சன், டேவிட் கூடிஸ், சார்லஸ் வில்லிஃபோர்டு போன்ற குற்றக் கதை எழுத்தாளர்களை மறுபடி அச்சில் கொண்டுவந்தது. அந்த மறுகண்டுபிடிப்பின் ருசி இருட்டைத் தேடியது: தோற்றுப்போனவர்கள், குடிகாரர்கள், பைத்தியத்தின் விளிம்பில் நிற்பவர்கள். அந்த வரிசையில், சிரித்துக்கொண்டே உதை வாங்கும் ஷெல் ஸ்காட்டுக்கு இடமே இல்லை. இவர் மறக்கப்பட்டதற்கு நான் கொடுக்கும் முக்கியக் காரணம் இதுதான். பிராதர் நகைச்சுவை எழுத்தாளர். அவரைத் துப்பறியும் கதைக்காரராக மட்டும் எடை போட்டவர்கள் மிக்கி ஸ்பிலேனின் நகல் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஸ்பிலேனோடு ஒப்பிட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1947இல் வந்த ஸ்பிலேனின் துப்பறியும் நாவல் 'ஐ, தி ஜூரி' பாக்கெட் அளவில் விற்ற வேகம்தான் இந்த வகை நாவல்களுக்கே கதவைத் திறந்தது. பிராதரின் முதல் ஒன்றிரண்டு புத்தகங்களில் அந்த முரட்டுத்தனம் தெரியும். ஆனால் ஸ்பிலேனின் நாயகன் கோபத்தில் ஓடுகிற இயந்திரம். ஷெல் ஸ்காட்டுக்குக் கோபம் நெடுநேரம் நிற்காது. அவருடைய உண்மையான மூதாதை 1930களின் மட்டரகத் தாள் பத்திரிகைகளில் ராபர்ட் லெஸ்லி பெல்லம் எழுதிய டான் டர்னர் கதைகள். கொச்சை மொழியைக் கோமாளித்தனம் வரை இழுத்துச் செல்லும் ஹாலிவுட் துப்பறிவாளர் அவர்.

ஷெல் ஸ்காட்டின் உருவத்தைப் பாருங்கள். ஆறடி இரண்டு அங்குலம். முன்னாள் கடற்படைத் துருப்பு வீரர். தலைமுடி வெளுத்த வெள்ளை, ஓர் அங்குல நீளத்துக்கு நட்டுக்குத்தாக நிற்கும். புருவமும் வெள்ளை, நடுவில் மடித்துக் கூரை போட்டது போல. மூக்கு உடைந்தது, இடது காதின் மேல்நுனி போய்விட்டது. வயது எப்போதும் 30. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தில் ஹாமில்டன் கட்டடத்தில் அலுவலகம், ஹாலிவுட்டில் ஸ்பார்ட்டன் அடுக்கக விடுதியில் வீடு. அங்கே வண்ண மீன் தொட்டிகள், அமீலியா என்று பெயர் வைத்த ஒரு நிர்வாண ஓவியம். வெளியே கூரை மடக்கும் காடிலாக். கொலைப் பிரிவின் தலைவர் ஃபில் சாம்சன் நண்பர், வாயில் பற்ற வைக்காத சுருட்டோடு வருவார். மறைந்து நின்று வேவு பார்க்க வேண்டிய தொழிலில், நூறு அடி தூரத்திலேயே அடையாளம் தெரிகிற ஒரு மனிதனை நிறுத்தியதே பிராதரின் முதல் நகைச்சுவை. பல நாவல்களில் கதை நகர்வதே அந்த வெள்ளைத் தலையை எவனோ பார்த்துவிட்டதால்தான்.

அவருடைய வாக்கியம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு 1956இல் வந்த 'தி வெய்லிங் ஃப்ரெய்ல்' நாவலின் முதல் பக்கம் போதும். ஒரு பெண் யாரையோ எதிர்பார்த்துக் கதவைத் திறக்கிறாள். நிற்பது ஷெல் ஸ்காட். அவள் உடம்பில் துணி இல்லை. இதைச் சொல்ல அவர் எடுக்கும் உவமை நூடுல்ஸ். அர்த்தத்தைத் தேடினால் ஒன்றும் இல்லை, நூடுல்ஸுக்கும் நிர்வாணத்துக்கும் என்ன உறவு? ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் 'நூ' என்று ஒரே ஒலியில் தொடங்குகின்றன. மோனை ஒன்றுதான் அந்த வரியைத் தூக்கி நிறுத்துகிறது. வேறொருவர் கையில் வெறும் கிளுகிளுப்பாகப் போயிருக்க வேண்டிய காட்சி, இந்த அபத்த உவமையால் சிரிப்பாகிறது. அதோடு கம்பித் தாங்கியில் புத்தகத்தைப் புரட்டுகிறவர் முதல் ஐந்து வரியில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற வியாபாரக் கட்டாயமும் அதில் இருக்கிறது.

தலைப்புகளிலேயே இந்த விளையாட்டுத் தொடங்கிவிடுகிறது. காளமேகத்தை ரசித்தவர்களுக்கு இது இன்னும் ஒரு படி கூடுதலாகப் பிடிக்கும். 'கேட் ஹீட்' என்று ஒரு தலைப்பு: 'கேட்' என்றால் அந்தக் காலக் கொச்சையில் கைத்துப்பாக்கி, 'ஹீட்' என்றாலும் துப்பாக்கிதான், போலீஸ் நெருக்கடி என்றும் பொருள். 'யெக்' என்றால் பெட்டகம் உடைக்கும் திருடன். ஆகவே 'தி ஸ்க்ராம்பிள்டு யெக்ஸ்' என்பது கலக்கி வறுத்த முட்டைக்கும் கலங்கிப்போன திருடர்களுக்கும் சிலேடை. 'ஸ்லாப்' பிணவறையின் கல்மேடை. அடி வாங்கி மூளை கலங்கிய குத்துச்சண்டைக்காரனைச் சொல்லும் 'ஸ்லாப்-ஹாப்பி'யில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி 'ஸ்லாப் ஹாப்பி' ஆக்கினார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், ஆங்கிலத்தில் முன்னது 'slap', பின்னது 'slab'. 'தி ட்ரோஜன் ஹெர்ஸ்' தலைப்பில் டிராய் நகரத்துக் குதிரை பிண ஊர்தியாகிறது. 'டிக் தட் க்ரேஸி கிரேவ்' இன்னும் நேர்த்தி: ஜாஸ் ரசிகர் பேச்சில் 'டிக்' என்றால் ரசி, மண்வெட்டிக்காரர் பேச்சில் தோண்டு. 'ஃப்ரெய்ல்' என்றால் பெண். இந்த ஏழெட்டுச் சொல் தெரிந்தால் புத்தகத்தில் பாதி வழி திறந்துவிடும், அகராதியைப் புரட்ட வேண்டாம்.

எதில் தொடங்குவது? 1955இல் வந்த 'ஸ்ட்ரிப் ஃபார் மர்டர்'. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஒரு பணக்காரத் தாய் தன் மகளின் புதுக் கணவனைப் பற்றி விசாரிக்கச் சொல்கிறாள். விசாரணை ஷெல் ஸ்காட்டை ஆடையில்லாமல் வாழ்பவர்களின் முகாமுக்குக் கொண்டுபோகிறது. துப்பாக்கி வைக்க இடுப்பில் பட்டை கூட இல்லாத இடத்தில் ஒரு துப்பறிவாளன் என்ன செய்வான் என்பதைப் பிராதர் கடைசி வரை விடாமல் கறக்கிறார். பலூனில் தொங்கியபடி, உடம்பில் ஒரு நூல் இல்லாமல், நகரத்தின் மேல் பறந்து தப்பிக்கும் காட்சியில் அது உச்சத்துக்குப் போகிறது. அந்த இடம் வேலை செய்வதற்குக் காரணம் ஷெல் ஸ்காட் அதை முழு அக்கறையோடு, ஒரு நடைமுறைச் சிக்கலாக விவரிப்பதுதான். கதை சொல்கிறவர் சிரிப்பதே இல்லை.

அது பிடித்தால் 'வே ஆஃப் எ வான்டன்' (1952), காட்டுப் படம் ஒன்றின் படப்பிடிப்புப் பின்னணி. அடுத்து 'ஆல்வேஸ் லீவ் எம் டையிங்' (1954), புது மதம் தொடங்கிய ஒரு பிரசங்கியும் அவரைச் சுற்றிய கூட்டமும். இதில் வேகத்தோடு கொஞ்சம் பயமும் இருக்கும். பிறகு 'தி வெய்லிங் ஃப்ரெய்ல்'. அதன் பின் 'தி காக்ஐடு கார்ப்ஸ்' (1964): அரிசோனாவில் கவ்பாய் படம் எடுக்கும் இடத்தில், செட்டுக்காகச் செய்த போலிப் பாறைக்குள் ஷெல் ஸ்காட் புகுந்துகொண்டு எதிரிகளை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்கிறார். பாறை நகரலாமா என்று எதிரில் இருப்பவன் யோசிக்கும் கணங்களை எவ்வளவு நீட்டலாமோ அவ்வளவு நீட்டியிருக்கிறார். நாவலுக்கு நேரம் இல்லை என்றால் 'த்ரீஸ் எ ஷ்ரவுட்' (1957), மூன்று குறுநாவல்கள்.

முதல் நாவலை முதலில் படிக்க வேண்டும் என்று பலருக்கு ஒரு பழக்கம். இந்தத் தொடரில் அது வேண்டாம். 'வானிஷிங் பியூட்டி'யில் குரல் இன்னும் கூடிவரவில்லை. ஐந்தாறு படித்த பிறகு அங்கே போனால், என்ன மாறியது என்று பார்க்கச் சுவையாக இருக்கும். ஷெல் ஸ்காட்டுக்கு வயதும் ஏறாது, முந்தைய வழக்கின் நினைவும் பெரிதாக இராது. வரிசை தப்பினால் இழப்பு ஒன்றும் இல்லை.

பாக்கெட் புக்ஸ் காலத்து நாவல்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1964இல் வந்த 'தி ட்ரோஜன் ஹெர்ஸ்' தேர்தல் அரசியலை எடுத்துக்கொள்கிறது. அதிலிருந்து பிராதரின் சொந்தக் கருத்துகள் ஷெல் ஸ்காட்டின் வாயிலாக நீளமாக வரத் தொடங்குகின்றன. 1971இன் 'டெட்-பாங்' நாவலில் மதம், மருத்துவம் என்று பிரசங்கம் இன்னும் கூடுகிறது. அவர் கருத்து எந்தப் பக்கம் என்பது பிரச்சினை இல்லை. புத்தகம் தடித்துப்போகிறது, வாக்கியத்தின் துள்ளல் போகிறது. கோல்ட் மெடலின் மெல்லிய அளவு அவரைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது என்பது அப்போதுதான் தெரிகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெண்களை இவர் வர்ணிக்கும் விதம் ஒரே அச்சு. புத்தகத்துக்கு நான்கைந்து அழகிகள், ஒவ்வொருத்திக்கும் அரைப் பக்க உடல் வர்ணனை. ஒன்றிரண்டில் சிரிக்கலாம், அடுத்தடுத்து ஐந்து படித்தால் சலிக்கும். பிற நாட்டவரையும் இனத்தவரையும் பற்றிய பேச்சில் அந்தக் காலத்து அழுக்கும் ஒட்டியிருக்கும். மாதத்துக்கு ஒன்று என்ற அளவில் படியுங்கள். முதலில் இவை வெளியானதும் மாதக் கணக்கு இடைவெளி விட்டுத்தான், அப்படிப் படிக்கத்தான் எழுதப்பட்டவை.

இனி பெயர்க் குழப்பங்கள். 1952இல் டேவிட் நைட் என்ற புனைபெயரில் வந்த 'பேட்டர்ன் ஃபார் மர்டர்'தான் 1958இல் பிராதர் பெயரில் 'தி ஸ்க்ராம்பிள்டு யெக்ஸ்' ஆனது. 'பேட்டர்ன் ஃபார் பேனிக்' வேறு நாவல், அதிலும் ஒரு சிக்கல்: 1954இன் கெட்டி அட்டைப் பதிப்பில் நாயகன் கிளிஃப் மார்கன். 1961இல் அதையே ஷெல் ஸ்காட் கதையாகத் திருத்தி எழுதிக் கோல்ட் மெடலில் போட்டார்கள். ஷெல் ஸ்காட் வேண்டுமென்றால் 1961 அல்லது அதற்குப் பின் வந்த பிரதியைக் கேளுங்கள். 'டாகர் ஆஃப் ஃப்ளெஷ்' நாவலின் அட்டையில் பிராதர் பெயரைப் பார்த்து வாங்கினால் உள்ளே மார்க் லோகன் என்ற வேறு துப்பறிவாளர் இருப்பார். 1959இன் 'டபுள் இன் ட்ரபிள்' ஸ்டீஃபன் மார்லோவோடு சேர்ந்து எழுதியது: ஓர் அத்தியாயம் ஷெல் ஸ்காட், அடுத்தது மார்லோவின் வாஷிங்டன் துப்பறிவாளர் செஸ்டர் டிரம். கோல்ட் மெடலின் இரண்டு நட்சத்திரங்களும் ஒருவரையொருவர் எதிரி என்று நினைத்து மோதுகிறார்கள். இருவரையும் தனித்தனியே ஒரு புத்தகமாவது படித்துவிட்டு இதை எடுங்கள், இல்லாவிட்டால் பாதிச் சுவைதான்.

சிரிப்பு இல்லாத பிராதரும் உண்டு. டக்ளஸ் ரிங் என்ற பெயரில் 1952இல் வந்த 'தி பெட்லர்', சான் பிரான்சிஸ்கோவின் விபசாரத் தொழிலில் படிப்படியாக மேலே ஏறும் டோனி ரொமேரோ என்ற இளைஞனின் கதை. இறுக்கமான, கசப்பான நாவல். 2006இல் ஹார்ட் கேஸ் க்ரைம் பதிப்பகம் இதை மறுபடி அச்சிட்டது. இருட்டு நாவல்களின் வாசகர்களுக்குப் பிராதரை அறிமுகம் செய்ய அவர்கள் ஷெல் ஸ்காட்டை எடுக்காமல் இதை எடுத்ததே, மேலே நான் சொன்ன ருசி பற்றிய பேச்சுக்குச் சாட்சி. புதுத் தாளில், உடையாத முதுகோடு பிராதர் வேண்டும் என்றால் இந்தப் பதிப்பு நல்ல வழி.

தொடரின் பெரும்பகுதி மின்னூலாகக் கிடைக்கிறது. படிப்பது மட்டும் நோக்கம் என்றால் அது போதும், விலையும் குறைவு. ஒரு எச்சரிக்கை: இந்த வகை மின்னூல்கள் பெரும்பாலும் பழைய பிரதியை ஸ்கேன் செய்து, எழுத்தை அடையாளம் காணும் மென்பொருளில் ஓட்டித் தயாரானவை. ஆங்கிலத்தில் 'ஆர்', 'என்' எழுத்துகள் சேர்ந்து 'எம்' ஆகிவிடும் பிழை சாதாரணம். கொச்சைச் சொல் நிறைந்த பிராதரில் எது பிழை, எது விளையாட்டு என்று குழம்பும். வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பத்துப் பக்கம் பாருங்கள்.

பழைய பிரதியே வேண்டும் என்றால், முதலில் எண்ணையும் விலையையும் பாருங்கள். ஆரம்பகாலக் கோல்ட் மெடலில் வெறும் எண் மட்டும், விலை 25 சென்ட். 'வானிஷிங் பியூட்டி'யின் எண் 127. பிறகு எண்ணுக்கு முன் ஓர் எழுத்து சேர்ந்தது: 'எஸ்' என்றால் 35 சென்ட், 'கே' 40, 'டி' 50. மறு அச்சுக்குப் புது எண் கொடுப்பார்கள். எனவே 1952இல் வந்த நாவல் 'கே' எழுத்தோடு 40 சென்ட் என்று இருந்தால் அது 1960களின் மறு அச்சு, விற்பவர் முதல் பதிப்பு என்று சொன்னாலும். காப்புரிமை வருடத்தை மட்டும் பார்த்து முதல் பதிப்பு என்று நினைத்துவிடுவதுதான் பொதுவான தவறு. அந்த வருடம் எல்லா அச்சிலும் ஒன்றே.

புத்தக வியாபாரத்தில் 'குட்' என்ற தர அடையாளம் நல்ல பிரதி என்று பொருள்படாது. முதுகில் மடிப்பு, மூலை போனது, பெயர் எழுதியது எல்லாம் இருக்கும், பக்கம் மட்டும் முழுசாக இருக்கும் என்பதே அதன் பொருள். படிக்க அது போதும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் 'வெரி குட்' கேளுங்கள். எந்தத் தரமானாலும் நான்கு படங்கள் வாங்கிப் பாருங்கள்: முன் அட்டை, முதுகு, காப்புரிமைப் பக்கம், கடைசிப் பக்கம். பாக்கெட் புத்தகத்தில் முதலில் தொலைவது கடைசித் தாள், துப்பறியும் கதையில் அது தொலைந்தால் மிச்சத்துக்கு மதிப்பில்லை. அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வர அஞ்சல் செலவு பல நேரம் புத்தக விலையைத் தாண்டிவிடும். ஒரே விற்பனையாளரிடம் நான்கைந்து சேர்த்து வாங்கினால்தான் கட்டுப்படியாகும்.

பிரதி கைக்கு வந்ததும் நேராக அலமாரியில் மற்ற புத்தகங்களோடு சேர்க்காதீர்கள். வெள்ளிப்பூச்சியும் புத்தகப் பேனும் சந்தேகம் இருந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வீட்டுக் குளிர்பெட்டியின் உறைநிலைப் பகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. குளிர்ந்த தாளில் வெளிக்காற்று பட்டால் ஈரம் கோத்து அட்டை அலைபோல் வளைந்துவிடும். பூஞ்சண வாடை மட்டும் என்றால் மூடிய டப்பாவில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோடு, புத்தகத்தில் சோடா படாமல், நாலைந்து நாள் வைத்தால் குறையும்.

தாள் பழுப்பதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். அந்தக் காலப் பாக்கெட் புத்தகத் தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழ். அதில் லிக்னின் நிறைய. வெளிச்சமும் வெப்பமும் பட்டால் அமிலம் உண்டாகித் தாள் நொறுங்கும். வெயில் படாத அலமாரி, பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை, நிமிர்த்தி வைத்து இருபக்கமும் லேசான தாங்கல். பி.வி.சி. உறை வேண்டாம், நாளடைவில் அட்டையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். ஈரப்பதம் 50 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் அது கஷ்டம்தான். சிலிக்கா பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு, மழைக்காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

படிக்கும்போது 90 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். முதுகில் இருக்கும் பசைக்கு ஏறக்குறைய எழுபது வயது, கண்ணாடி போல ஆகியிருக்கும். மேசையில் கவிழ்த்து வைத்தால் ஒரு சத்தம் கேட்கும், அதன்பின் அந்த இடத்தில் புத்தகம் இரண்டாகும். உங்கள் தாள் கழன்றதும் இப்படித்தான்.

அதைச் சரிசெய்யச் செலோடேப் வேண்டாம். அதன் பிசின் சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தை ஊடுருவும். மரவேலைப் பசையும் வேண்டாம், காய்ந்தால் விறைத்துப் பக்கத்துத் தாளையும் உடைத்துக்கொண்டு வரும். புத்தகக் கட்டுக்காரர்கள் பயன்படுத்தும், அமிலம் இல்லாத, காய்ந்தும் வளைந்துகொடுக்கும் வெள்ளைப் பசை கொஞ்சம் போதும். கழன்ற தாளின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய பசைத் துகளை நகத்தால் மெதுவாக உதிர்த்துவிடுங்கள். மெல்லிய தூரிகையால் அந்த விளிம்பில் ஒரு மில்லிமீட்டர், அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குப் பசை தடவுங்கள். அதற்கு மேல் போனால் அடுத்த பக்கத்தின் எழுத்தோடு ஒட்டும். பக்க எண்ணைச் சரிபார்த்து, வெளி விளிம்பு மற்றத் தாள்களோடு சமமாக நிற்கும்படி உள்ளே தள்ளுங்கள். இரு பக்கமும் மெழுகுத் தாள் செருகி, புத்தகத்தை மூடி, மேலே இரண்டு கனமான அகராதிகளை 24 மணி நேரம் ஏற்றி வையுங்கள். அதற்குள் எட்டிப் பார்க்கத் திறந்தால் தாள் மறுபடி கையோடு வரும்.